இலை காணும் வானம்

மேகாலயத்தின் காசி, ஜயந்தியா மலைச்சரிவுகளில், மாரிக்காலத்து ஓடைகள் மூங்கில் பாலங்களை அடித்துக்கொண்டு போவதைக் கண்டு சலித்த மலைவாசிகள், கரையோரம் நின்ற ஆலினத்து மரம் ஒன்றின் இளம் விழுதுகளைப் பிடித்து அக்கரைக்கு வளைத்துவிட்டு, அவை மண்ணில் ஊன்றித் தடித்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் வரையில் பொறுமையோடு காத்திருந்து, பல தலைமுறைகள் நடந்து செல்லத்தக்க உயிருள்ள பாலங்களை அமைத்துக்கொண்டார்கள். பைகஸ் எலாஸ்டிகா என்று தாவர சாஸ்திரம் பெயரிட்டிருக்கும் அந்த விருட்சந்தான், நம் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் தொட்டிக்குள் நின்று, சோபாவுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நடுவே அலங்காரப் பொருளாய்க் காலந்தள்ளும் ரப்பர் செடி. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால் வடிக்கப்படும் பிரேசில் நாட்டு ரப்பர் மரம் வேறு. அது ஆமணக்கின் குடும்பத்தது. நம் கூடத்துச் செடியோ ஆலுக்கும் அரசுக்கும் அத்திக்கும் நெருங்கிய உறவு. முன்னர்ச் சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவர ஆராய்ச்சியாளராகவும் பணிபுரிந்த வில்லியம் ராக்ஸ்பர்க், பிற்காலத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்தபோது, 1810ஆம் ஆண்டின் இறுதியில் சில்ஹெட் பகுதியிலிருந்து தேன் நிரப்பிய கலம் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. தேனைக் காட்டிலும், அது ஒழுகாதபடி கலத்தின் உட்புறத்தில் பூசப்பட்டிருந்த பிசினே அவருடைய கவனத்தைக் கவர்ந்தது. அப்பிசினின் மூலத்தைத் தேடிப் போனதில் இம்மரம் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று.

இம்மரத்தின் ஜனனத்தைச் சிறிது கவனிக்க வேண்டும். பறவை எச்சமிட்ட விதை தரையில் விழுந்து முளைப்பதைவிட, வேறொரு பெருமரத்தின் கவட்டில், தரைக்கு வெகு உயரத்தில் தங்கி முளைப்பதே இதன் இயல்பான வழக்கம். அடர்ந்த காட்டின் தரையை எட்டும் வெளிச்சம், மரமுடிகளின் மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் என்பதை நினைத்தால், பிறக்கும்போதே உயரத்தில் பிறப்பதன் காரணம் விளங்கும். விக்டோரியா ராணியின் காலத்து லண்டன் வீடுகளில், கனத்த திரைகளுக்குப் பின்னால், வாயுவிளக்கின் நாற்றத்தையும் சகித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்த ஆஸ்பிடிஸ்ட்ரா என்னும் செடி, காட்டின் அடிநிழலிலேயே பிறந்து அடிநிழலிலேயே வாழ்ந்து பழகிய ஜாதி. அதற்கு இருட்டறை வாசம் பெரிய துன்பமாயிருந்திராது. ரப்பர் செடி அந்த வகுப்பைச் சேர்ந்ததன்று. தோல் போன்ற தடித்த இலையும், அதன் மேற்றோலின் பல அடுக்குகளும், தண்டில் சேமித்து வைத்த ஆகாரமும் சேர்ந்து அதற்குப் பெரியதொரு சகிப்புத்தன்மையை அளித்திருக்கின்றன. அந்தச் சகிப்பை நாம் அதன் விருப்பமென்று எண்ணிக்கொள்கிறோம். ஒளியில்லாத மூலையில் வைத்த ரப்பர் செடி ஒரு வாரத்தில் வாடுவதில்லை, ஒரு மாதத்திலும் வாடுவதில்லை. ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று இலை இலையாக இழந்து மெலிந்து சாகிறது. இதற்குள் வீட்டார் உரத்தையும் மண்ணையும் நீரையும் ராசியையும் குறை கூறி முடித்திருப்பார்கள்.

வெளிச்சத்தின்மேல் சந்தேகம் எழாமைக்குக் காரணம் நம்முடைய கண். பகல் பதினொரு மணிக்கு விளக்குப் போடாமலே செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படிக்க முடிகிற கூடத்தை இருட்டு என்று யார் ஒப்புக்கொள்வார்? ஆனால் ஒளிச்செறிவை லக்ஸ் என்னும் அலகால் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தால் வேறொரு பிரபஞ்சம் புலப்படும். மேகமற்ற நண்பகலில் மொட்டைமாடியில் 1,00,000 லக்ஸ் வரை காட்டும் கருவி, வாசலில் நிற்கும் மரத்தின் நிழலில் 10,000ஐ ஒட்டி இறங்குகிறது. வீட்டுக்குள் வந்து, நேர்வெயில் விழாத ஜன்னலின் அருகில் 2,000 அல்லது 3,000 என்கிறது. அங்கிருந்து நாலடி, ஐந்தடி பின்வாங்கினால் சில நூறுகள். சோபாவுக்குப் பின்னாலுள்ள மூலையில் 100. மாடிக்கும் மூலைக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்க, கண்ணோ, ‘உள்ளே சற்று மங்கல்’ என்பதோடு திருப்தியடைந்துவிடுகிறது. கருமணி விரிந்து சுருங்குவதால் ஏறக்குறைய பதினாறு மடங்கு வரை ஈடுசெய்ய முடியும். மிச்சத்தை விழித்திரையும் அதன் பின்னுள்ள நரம்புகளும் சரிக்கட்டிவிடுகின்றன. புலன்கள் அளவைப் பார்ப்பதில்லை, விகிதத்தையே உணர்கின்றன என்று ஜெர்மன் தேசத்து குஸ்டாவ் ஃபெக்னர் 1860ல் வெளியிட்ட நூலில் வகுத்த நியதி, மனிதன் குகையிலும் வெட்டவெளியிலும் ஒருங்கே நடமாடுவதற்குப் பேருபகாரமாயிருக்கிறது; செடி வளர்ப்பதற்கு அதைப்போல் இடையூறானது வேறில்லை. இலைக்கு இந்தச் சமாதானமெல்லாம் கிடையாது. அதன்மேல் எத்தனை ஒளித்துகள் வந்து விழுந்தனவோ, அத்தனைக்கு ஏற்பவே அதன் ஆகாரம்.

இந்த ஆகாரம் உண்டாகும்போது செடி சுற்றுமுள்ள காற்றையும் திருத்துகிறது; அவ்வேலை ஒளியில்தான் நடக்கிறது என்று நிரூபித்தவர் ஹாலந்து தேசத்து மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். எரியும் மெழுகுவர்த்தி கெடுத்த காற்றைப் புதினாக் கொத்து திருத்துகிறதென்று ஆங்கிலேய விஞ்ஞானி பிரீஸ்ட்லி 1771ல் கண்டிருந்தார். ஆயினும் அவருடைய பரிசோதனை சில சமயம் பலித்தது, சில சமயம் பலிக்கவில்லை. 1779ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனுக்கு அருகில் ஒரு நாட்டுப்புற வீட்டில் தங்கி, ஐந்நூறுக்கு மேற்பட்ட பரிசோதனைகளை ஒரே பருவத்தில் செய்து முடித்த இங்கன்ஹவுஸ், காற்றைத் திருத்துவது செடியின் பசிய பாகமே என்பதையும், அதுவும் ஒளியில் இருக்கும்போது மட்டுமே திருத்துகிறது என்பதையும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார். பாடநூல்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் வீட்டுக்குள் பெரிய செடி வளர்ப்பவருக்கு இங்கன்ஹவுஸின் நூலில் உள்ள மற்றொரு செய்தி இன்னும் முக்கியமானது: வேரும் மலரும் கனியும் பட்டப்பகலிலும் காற்றைக் கெடுத்துக்கொண்டேயிருக்கின்றன, இரவில் இலையும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. அதாவது, செடியின் சுவாசம் இரவு பகலாக ஓய்வதில்லை. சம்பாத்தியமோ இலையினுடையது மட்டும், பகலில் மட்டும்.

பெரிய செடியின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு முழ உயரமுள்ள இளஞ்செடியில் உடம்பெல்லாம் இலை. ஆறடி வளர்ந்த ரப்பர் செடியிலோ, மணிக்கட்டுத் தடிப்புள்ள தண்டும், தொட்டி நிறையச் சுருண்டு கிடக்கும் வேரும், உழைக்கும் இரண்டொருவரின் வருமானத்தில் உண்ணும் பெரிய கூட்டுக்குடும்பத்தைப் போல, இலைகளின் சம்பாத்தியத்தை எதிர்பார்த்து உயிர்வாழ்கின்றன. ஓர் இலையைத் தனியே எடுத்துக்கொண்டால், அதன் ஒளிச்சேர்க்கை அதன் சுவாசத்தைச் சரியாக ஈடுசெய்யும் ஒளியளவு ஒன்று உண்டு. நிழலில் வளர்ந்த இலைக்கு அது 50 முதல் 300 லக்ஸ் வரையிலும், வெயிலில் வளர்ந்த இலைக்கு 500 முதல் 1,000 லக்ஸ் வரையிலும் இருக்கலாம். இந்த அளவில் அந்த இலை தன் வயிற்றை அந்த நிமிஷத்துக்குக் கழுவிக்கொள்கிறது, அவ்வளவே. இரவுச் செலவுக்கும், தண்டுக்கும், வேருக்கும், மேலே விடவேண்டிய புதிய இலைக்கும் அதில் ஒரு காசும் மிஞ்சாது. அதனால்தான், சின்னஞ்சிறு செடி பிழைத்திருக்கிற அதே மூலையில் பெரிய செடி தேய்கிறது.

ஆகவே உச்சிப்பொழுதில் எவ்வளவு என்று பார்ப்பதைக் காட்டிலும், நாள் முழுதும் சேர்ந்த மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பதே முறை. பயிர்நூலார் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு பகலில் விழும் ஒளித்துகள்களை மோல் கணக்கில் சொல்வார்கள். நம் பிரதேசத்தில் வானம் தெளிந்திருக்கும் நாளில் மொட்டைமாடிக்கு வந்து சேர்வது 40 மோலை ஒட்டியிருக்கும். ஜன்னலுக்கு எட்டியிருந்து, 1,000 லக்ஸ் ஒளியைப் பன்னிரண்டு மணி நேரம் தவறாமல் பெறுகிற செடிக்கு வாய்ப்பது ஒரு மோலுக்கும் குறைவு. இதைக்கொண்டு நிழலுக்குப் பழகிய ரப்பர் செடி இருக்கிற இலையைக் காப்பாற்றிக்கொள்ளும். பருவந்தோறும் புது இலை விட வேண்டுமென்றால் இதைப்போல் மூன்று நான்கு மடங்காவது வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு சலுகையும் மறைந்திருக்கிறது. கிழக்கு ஜன்னல் வழியே 30,000 லக்ஸ் இளவெயில் இலைகளின்மேல் ஒரே ஒரு மணி நேரம் விழுந்தால், கணக்கின்படி அது 1,000 லக்ஸ் மங்கலில் இரண்டரைப் பகல் நின்றதற்குச் சமம். நிழலுக்குப் பழகிய இலையால் அவ்வளவையும் பயன்படுத்திக்கொள்ள முடியாது என்பதால் பாதிக்கு மேல் வீணாகுமென்று தள்ளிவிட்டாலும், மிஞ்சுவது அற்பமன்று. ‘நேர்வெயில் கூடாது’ என்று செடியோடு ஒட்டி வரும் சீட்டுகளில் அச்சிட்டிருப்பதை வேதவாக்காகக் கொள்வோர், காலை வெயிலையும் மாலை வெயிலையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இனி, அளவுகருவியில்லாமல் இடத்தை மதிப்பிடுவது எப்படி? அறையின் பிரகாசத்தைப் பார்க்காதீர்கள். இலை இருக்கும் இடத்தில் உங்கள் முகத்தைக் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து வானம் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். நேர்வெயில் விழாத வேளையில் இலைக்கு ஒளி வழங்குவது பெரும்பாலும் அந்தத் துண்டு வானந்தான். எதிர்வீட்டுச் சுவரும், தரையும், அறையின் வெள்ளைச் சுண்ணாம்பும் திருப்பி அனுப்புவது அதற்கு அடுத்தபடி. நான்கடிச் சதுரமான ஜன்னலுக்கு நேரெதிரே மூன்றடி தூரத்தில் நிற்கும் இலைக்கு அந்த ஜன்னல் எவ்வளவு விசாலமாய்த் தோன்றுமோ, ஒன்பதடி தூரத்தில் நிற்கும் இலைக்கு அதில் ஏழில் ஒரு பங்கை ஒட்டித்தான் தோன்றும். க்ஷேத்திர கணிதம் அறிந்த எவரும் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஜன்னலை விட்டு நேரே விலகாமல், அதே சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இரண்டடி நகர்த்தி வைப்பது இன்னும் கொடியது. மனிதனுக்கு அது ஜன்னலோரம். இலைக்கோ வானமே இல்லாத இடம். இவற்றோடு கொசுவலை, கம்பி, வெயில் தடுக்கும் கறுப்புத் தாள், ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை மட்டுமே துடைக்கப்படும் கண்ணாடி ஆகியவை ஒவ்வொன்றும் தத்தம் பங்கைப் பறித்துக்கொண்ட பிறகு எஞ்சுவதுதான் உள்ளே வருகிறது. ரப்பர் செடியின் அகன்ற இலையில் படியும் தூசியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைப்பது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று.

உயரமான செடிக்கு இந்த வானக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. நம் வீடுகளின் ஜன்னல் சாதாரணமாகத் தரையிலிருந்து மூன்றடியில் தொடங்கி ஏழடியில் முடிகிறது. அதன் மேல் வெளிப்புறத்தில் இரண்டடி சன்ஷேட் நீட்டிக்கொண்டிருக்கிறது. நடுத்தர உயரத்தில் உள்ள இலை, சன்ஷேடின் விளிம்புக்குக் கீழாக ஏறிட்டு நோக்கி வானத்தின் உயர்ந்த பாகத்தைக் காண்கிறது. ஏழடியைத் தொட்ட கொழுந்திலை, தானே ஜன்னலின் தலைக்கு மேலே போய்விட்டபடியால், கீழ்நோக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே தெரிவது எதிர்வீட்டுச் சுவரும் தெருவும். மேகம் மூடிய வானத்தில், தலைக்கு நேர் மேலுள்ள பாகம் அடிவானத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிரகாசமானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உச்சியிலுள்ள இலைக்கே ஒளி அதிகம் என்று காட்டிலும் தோட்டத்திலும் உண்மையாயிருக்கிற விதி வீட்டுக்குள் தலைகீழாகிவிடுவது புரியும். செடியோ காட்டின் விதியையே நம்பி, இருக்கிற சத்தையெல்லாம் உச்சிக்கு அனுப்பி, நடுவிலுள்ள நல்ல இலைகளைப் பழுக்கவிட்டு உதிர்க்கிறது. கூரையைத் தொடும் மூங்கிற்கழி போன்ற தண்டும் உச்சியில் நாலைந்து இலையுமாய் நிற்கும் ரப்பர் செடிகளைப் பார்த்தவர்கள் இதன் விளைவைப் பிரத்தியட்சமாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஜன்னலின் திசையைப்பற்றி நம் புத்தகக் கடைகளில் கிடைக்கும் நூல்கள் பெரும்பாலும் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் நினைத்து எழுதப்பட்டவை. தெற்கு ஜன்னலே உத்தமம், வடக்கு ஜன்னலில் வெயில் என்ற பேச்சே இல்லை என்று அவை கூறுவது அந்தத் தேசங்களுக்கு முற்றிலும் சரி. லண்டனில் டிசம்பர் மாதக் கடைசியில் நண்பகற் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகையே ஏறுகிறது. ஏழடி உயரமுள்ள தெற்கு ஜன்னலின் வழியே அது சாய்வாகப் புகுந்து, தடையில்லாவிட்டால் இருபத்தாறடி தூரம் அறைக்குள் ஓடிவிடும். சென்னையில் அதே மார்கழி நண்பகலில் சூரியன் 53 பாகைக்கு மேல் நிற்கிறபடியால், அதே ஜன்னலில் வெயில் ஐந்தடிதான் உள்ளே வரும். சன்ஷேடும் தன் பங்கைக் கழித்துவிட்டால் மூன்றடி. நம்முடைய தெற்கு ஜன்னல் குளிர்காலத்தில் வெயில் தருவது உண்மையே, ஆனால் வாசற்படி வரை வந்து திரும்பிவிடும் விருந்தாளியை நம்பி ஒன்பதடி தூரத்தில் இலை விரித்துக் காத்திருப்பதில் பயனில்லை. வடக்கு ஜன்னலின் சமாசாரம் இன்னும் விசித்திரம். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால், சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி பிறக்கும் வரையில் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே செல்கிறது; காலையிலும் மாலையிலும் அது வடக்கே சாய்ந்து தோன்றும் காலம் இதைவிட நீண்டது, பங்குனி முதல் புரட்டாசி வரை. ஆகையால் லண்டன்காரன் ஒதுக்கிவிடும் வடக்கு ஜன்னல், நம் கோடையில் காலை மாலை இரு வேளையும் இளவெயில் பெற்று, உச்சி வெயிலைச் சன்ஷேடிடம் விட்டுவிட்டு, பெரிய இலைச்செடிக்கு மிக வாய்ப்பான இடமாகிவிடுகிறது. கிழக்கு எக்காலத்திலும் நல்லது. மேற்கு ஜன்னல், அக்கினி நட்சத்திர நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குமேல், ஒளியால் அன்று, வெப்பத்தால் இலையை வாட்டும். அங்கே மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று போதுமானது.

தெரிந்தெடுத்த நல்ல இடத்துக்குச் செடியை எப்போது, எப்படிக் கொண்டுபோவது என்பதிலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவின் புளோரிடாவில், வீட்டு அலங்காரத்துக்கென்று வெயிலில் செழிக்க வளர்த்த பைகஸ் பெஞ்சமினா என்னும் சிறு இலை ஆல், வாங்கியவர் வீட்டை அடைந்த சில வாரங்களில் இலைகளைக் கொட்டிவிடுவதைக் குறித்து, அபாப்கா நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் சார்லஸ் கானோவரும் ரிச்சர்ட் பூலும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். விற்பதற்கு முன் சில வாரங்களோ மாதங்களோ நிழல்வலையின் கீழ் வைத்து, உரத்தைக் குறைத்து, மெல்ல மெல்ல மங்கலுக்குப் பழக்கிய மரங்கள் தங்கள் இலைகளை வைத்துக்கொண்டன. வெயிலில் உருவான இலை தடித்தது, குறுகியது, பசிய அணுக்களைப் பல அடுக்காக உடையது. வருமானம் பெரிது, அதற்கேற்ப அதன் சுவாசச் செலவும் பெரிது. நிழலில் உருவான இலை மெலிந்து, அகன்று, கரும்பச்சையாகி, சிறிய வருமானத்தில் சிக்கனமாக வாழ்கிறது. முற்றிய இலையின் தடிப்பு பின்னர் மாறுவதில்லை. ஆதலால் திடீரென்று இருட்டில் வைக்கப்பட்ட வெயிற்செடிக்குப் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் புதியவற்றை நிழலுக்கேற்ப உண்டாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வாறு உண்டாக்கவும் சேமிப்பு வேண்டும். மறுபுறம், இரண்டு வருஷம் கூடத்து மூலையில் இருந்த செடிக்கு இரக்கப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மொட்டைமாடி வெயிலில் வைத்தால், மாலைக்குள் இலையின் நடுவே வெளிறிய திட்டுகள் தோன்றிப் பின்பு பழுப்பாகிக் காய்ந்துவிடும். தாங்கமுடியாத அளவு ஒளியை விழுங்கிய பச்சையம் தானே சிதைந்து போனதன் அடையாளம் அது. அந்தத் திட்டு ஆறுவதில்லை. ஒரு படிக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டு, மூலையிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து பால்கனிக்கும் நகர்த்துவதே சரியான வழி. நர்சரியில் வாங்கும்போதும், செடி பச்சை நிழல்வலைக்குள் நின்றதா, வெளியில் வெயிலில் நின்றதா என்று கேட்டறிவது நல்லது. கொழுகொழுவென்றிருக்கும் வெயிற்செடியைவிடச் சற்று மெலிந்த நிழற்செடி வீட்டுக்கு ஏற்றது.

ஒளியின் கணக்கு தெரிந்தால் நீரின் கணக்கு தானே வந்துவிடும். இலை எவ்வளவு ஒளியைப் பெறுகிறதோ, அதற்கேற்பவே அதன் நுண்துளைகள் திறந்து நீராவியை விடுகின்றன. மங்கிய மூலையில் நிற்கும் செடி உறிஞ்சும் நீர் மிகவும் சொற்பம். ஆனால் நாள்தோறும் காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றும் வழக்கம் ஒளியைப் பார்த்துக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மண்ணில் தேங்கிய நீர் காற்றை வெளியேற்ற, வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது, இலை மஞ்சளிக்கிறது, மஞ்சளைக் கண்டு இன்னும் ஒரு செம்பு ஊற்றப்படுகிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் நாட்கணக்காக மூடிக்கிடக்கும்போது இந்த விபத்து அதிகம். அப்போது நீரைக் குறைக்க வேண்டுமேயன்றி உரத்தைக் கூட்டக் கூடாது. பல தேவைகளில் எது மிகக் குறைவாயிருக்கிறதோ அதுவே ஒளிச்சேர்க்கையின் வேகத்தை நிர்ணயிக்கும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி பிளாக்மன் 1905ல் காட்டினார். ஒளி குறைந்த இடத்தில் உரம் அந்தக் குறையைத் தீர்க்காது.

ஜன்னலை நோக்கிச் செடி சாய்வதைக் குறித்துப் பலர் கவலைப்படுகிறார்கள். புல்லின் முளையில் ஒளியை உணரும் இடம் நுனியிலும், வளையும் இடம் அதற்குக் கீழும் இருப்பதை சார்லஸ் டார்வினும் அவர் புதல்வர் பிரான்சிஸும் 1880ல் கண்டறிந்தார்கள். நுனியிலிருந்து நிழற்பக்கமாக இறங்கி அப்பக்கத்தை நீளச்செய்யும் வளர்ச்சிப்பொருளை யூட்ரெக்ட் நகரத்து ஃபிரிட்ஸ் வென்ட் 1920களில் பிரித்துக் காட்டினார். அதற்கு ஆக்ஸின் என்று பெயர். இந்தச் சாய்வைத் தூண்டுவது முக்கியமாக நீல ஒளி என்பதால், நேர்வெயில் இல்லாவிட்டாலும் நீலவானத் துண்டு ஒன்று தெரிந்தாலே செடி அந்தப் பக்கம் திரும்பிவிடும். திரும்பிய இலைகள் பெற வேண்டியதைப் பெற்றுக்கொண்டிருக்கின்றன. அவற்றை வாரந்தோறும் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவது, செடிக்கு ஓயாமல் காம்பை முறுக்கும் வேலை கொடுப்பதாகும். தொட்டியின் அடியில் சக்கரப் பலகை வைத்து, மாதம் ஒருமுறை கால்வட்டம் திருப்புவது தண்டு நேராக நிற்கப் போதும். ஒளியை நோக்கிச் சாயாத செடியும் உண்டு. மத்திய அமெரிக்கக் காடுகளில் மான்ஸ்டெரா இனத்துக் கொடி ஒன்றின் நாற்று, வெளிச்சத்துக்கு நேரெதிராக இருளை நோக்கித் தரையில் ஊர்ந்து செல்வதை ஸ்ட்ராங், ரே என்ற இருவர் 1975ல் வெளியிட்டார்கள். காட்டில் மிகக் கறுத்துத் தோன்றுவது பெருமரத்தின் அடிமரமாதலால், இருளைத் தேடிப் போன நாற்று ஏறுவதற்குக் கொம்பைக் கண்டடைந்து, அதைப் பற்றியபின் ஒளியை நோக்கி ஏறிவிடுகிறதாம். செடிகளுக்கெல்லாம் ஒரே நியதி என்று எண்ணுபவரைத் திகைக்கவைக்கும் செய்தி இது.

வானமே தெரியாத வீடுகளும் இருக்கின்றன. அங்கே விளக்கை நாட வேண்டியதுதான். கூரையில் எரியும் 20 வாட் எல்.ஈ.டி. குழல் விளக்கு சுமார் 2,000 லூமென் ஒளியைப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை முழுதும் பங்கிடுகிறபோது, செடிக்கு 200 லக்ஸ்கூட வந்து சேராது. அதே விளக்கை இலைகளுக்கு ஓரடி, ஒன்றரையடி மேலே, ஒளி சிதறாதபடி கவிகை போட்டுத் தொங்கவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் 1,000 லக்ஸைத் தாண்டலாம். ஊதா நிற விளக்குகள்தாம் செடிக்கு உகந்தவை என்று விற்கப்படுகின்றன; சாதாரண வெள்ளை விளக்கிலேயே நீலமும் சிவப்பும் போதுமான அளவு இருக்கின்றன, பச்சையையும் இலை முழுவதுமாக உதறிவிடுவதில்லை. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணையும் நாம் மதிக்க வேண்டுமல்லவா?

ஏற்கெனவே ஜன்னலின் தலைக்கு மேல் வளர்ந்துவிட்ட செடியை என்ன செய்வது என்று கேட்பார்கள். தலையை வெட்டிவிட வேண்டும், தயங்குவதில் பயனில்லை. உச்சிக்கொழுந்து கீழே அனுப்பிக்கொண்டிருந்த அதே ஆக்ஸின்தான் பக்கக் கண்களை உறங்க வைத்திருந்தது. உச்சி போனதும், வெட்டுக்குக் கீழேயுள்ள இரண்டு மூன்று கண்கள் சில வாரங்களில் புடைத்துச் சிவந்த உறையோடு வெளிப்படும். வெட்டும் இடத்தைத் தரையிலிருந்து நாலடி, நாலரையடியில் வைத்துக்கொண்டால், புதிய கிளைகள் ஜன்னலின் நடுப்பாகத்துக்கு நேராக, சன்ஷேடுக்குக் கீழே உயர்வானம் தெரியும் உயரத்தில் இலை விரிக்கும். செடிக்குச் சேமிப்பும் நாளின் நீளமும் மிகுந்திருக்கும் சித்திரை, வைகாசி இதற்கு ஏற்ற காலம். ஐப்பசி மழையில் வெட்டினால் கண்கள் வெகுநாள் விழிக்காமல் கிடக்கும். வெட்டிய இடத்தில் ஒழுகும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், கண்ணில் படக் கூடாது. உச்சிக்கிளையை வீணாக்க மனமில்லாதவர்கள், வெட்டுவதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே அந்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு விரல் அகலம் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தென்னைநார்த் தூளை வைத்து, பாலிதீன் தாளால் இறுகச் சுற்றி விண்பதியம் போட்டுவிடலாம். தாளின் வழியே வெள்ளை வேர்கள் தெரிந்த பின்பு, அதற்குக் கீழே அறுத்தெடுத்துத் தனித்தொட்டியில் நடலாம்.